மூக்காயி வீட்டுக் கொய்யாவில் இறங்கிய விமானம்

அன்புள்ள மகன் முத்துலிங்கத்துக்கு,

வத்தேகமயிலிருந்து அம்மா எழுதுவது. அந்தப் பாலைவன வெயிலில் கதிர்காமத்தான் உனக்குக் குடையாக இருக்கட்டும். இங்கே நாங்கள் சுகம். பசு கன்று போட்டிருக்கிறது.

நிற்க. பேட்டரியில் பறக்கும் ரிமோட் விமானம், புதிதாகப் பழகுகிறவருக்கு ஏற்றதாகப் பார்த்து அப்பாவுக்கு வாங்கச் சொல்லியிருந்தாய். பஸ் ஓட்டுவதை விட்டதிலிருந்து அவர் கதிரையில் உட்கார்ந்து என் சமையலுக்கு ஹாரன் அடித்துக்கொண்டிருப்பதால் நானும் கூடவே கண்டிக்குப் போனேன். கடைக்கார ஹாஷிம் நல்ல மனுஷன். இறக்கை மேலே இருக்கிற, டிவிப் பெட்டிக்குள் வருகிற வெள்ளை ரெஜிபோமில் செய்த, மெதுவாகப் பறக்கிற விமானம்தான் முதல் தடவைக்கு நல்லது, விசிறி பின்பக்கம் இருப்பதால் மூக்கு மோதினாலும் உடையாது, இறக்கை கீழே உள்ள சண்டை விமானம் கண்ணை மூடித் திறப்பதற்குள் மண்ணில் குத்தும் என்றார். உங்கப்பாவுக்குச் சண்டை விமானம்தான் வேண்டுமாம். "மெதுவாப் போறதுக்கு நா என்ன மாட்டு வண்டியா ஓட்டினேன்?" என்றார். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ்ஸைத் தேய்த்த கதையை ஹாஷிமுக்குச் சொல்லட்டுமா என்று கேட்டேன். மெதுவாகப் போவதையே வாங்கினோம். மூக்கில் துண்டுக் கடதாசிகூட ஒட்ட வேண்டாம், பாரம் மாறினால் குப்புற விழும் என்று ஹாஷிம் சொல்லி அனுப்பினார்.

புது வண்டியைப் பூசை போடாமல் எடுப்போமா? பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, குங்குமம் தடவிய எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் கோத்து விமானத்தின் மூக்கில் கட்டினேன். எலுமிச்சம்பழம் பாரமா? அது காவல். மைதானத்தில் விட்டார். கிளம்பிய விமானம் தலையைக் குனிந்துகொண்டு, ஊரில் இத்தனை வீடு இருக்க, மூக்காயி வீட்டுக் கொய்யா மரத்தில் போய் உட்கார்ந்தது. எலுமிச்சம்பழம் அறுந்து அவள் வாசலில் விழுந்தது. மூக்காயி யார்? தன் மகனின் காதுகுத்துப் பந்தியில் எனக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வடை வைத்துவிட்டு என் இலையைத் தாண்டிப் போனவள். அப்போது நீ என் வயிற்றில். அவள் வாசலை மிதிப்பதில்லை என்று அன்றே மாரியம்மனிடம் சொல்லிவிட்டேன்.

குங்குமம் தடவிய பழம் வானத்திலிருந்து விழுந்தால் செய்வினை என்றுதானே நினைப்பாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஊருல முச்சந்தியில வைப்பாங்க. ஒங்களுக்குப் பிளேன்ல அனுப்பணுமாக்கா?" என்றாள். செய்வினை வைத்தவள் வைத்த வீட்டில் வாய் நனைக்கமாட்டாளாம். நான் உள்ளே வந்து சாப்பிட்டால்தான் விமானத்தைத் தருவாளாம். உங்கப்பா ரிமோட்டைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். பென்ஷன் எடுத்த பிறகு அவர் ஒன்றை ஆசைப்பட்டுக் கேட்ட முகம் அதுதான். மாரியம்மனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு உள்ளே போனேன். தேத்தண்ணி தந்தாள். பிறகு அடுப்படிக்குப் போய்த் தட்டில் வடை கொண்டுவந்து வைத்தாள்.

"அன்னைக்கு ஒங்க எலைக்கு வர்றப்ப தீந்துபோச்சுக்கா."

தீரவில்லை. வாளியில் கிடந்ததை நான் பார்த்தேன். ஆனாலும் தின்றேன். உப்புக் குறைவு.

விமானத்துக்குக் கீறல்கூட இல்லை. அப்பா தினமும் மைதானத்துக்குப் போகிறார். பழைய கோபமெல்லாம் ஆறிவிட்டது. மூக்காயி இனி என் கூடப்பிறந்தவள் மாதிரி.

உடம்பிலும் உத்தியோகத்திலும் குறையில்லாமல் இரு. மருமகளுக்கு என் ஆசி. போன தீபாவளிக்கு அவள் போன் எடுக்காததை நான் மறந்துவிட்டேன் என்று சொல்.

இப்படிக்கு,
அம்மா அழகம்மா

பி.கு.: மூக்காயிக்கும் விமானம் பழக ஆசை வந்திருக்கிறது. ஹாஷிமிடம் சொல்லி அவளுக்கு ஒன்று அனுப்பு. நான் கேட்டால் தரமாட்டார். இறக்கை கீழே உள்ளதாக இருக்கட்டும். முதல் தடவைக்கு அதுதான் நல்லது என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.