டிஸ்கோ கங்காணி கொடுத்த நிரை

இலங்கையின் மத்திய மலைநாட்டில் டிஸ்கோ கங்காணியைப் போல டிரம்பெட் ஊத இன்னொரு மனிதர் பிறக்கவில்லை. இத்தனைக்கும் அவரிடம் டிரம்பெட் கிடையாது. எல்லாம் வாயால்தான்.

லிந்துலைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம். அங்குள்ள பள்ளிக்கூடத்தில் நான் மாஸ்டர். காலையில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுத்து வேலை வாங்குவது கங்காணியின் தொழில். மற்றக் கங்காணிமார் சத்தம் போட்டு வேலை வாங்குவார்கள். நம்மவர் போனில் பழைய டிஸ்கோ பாட்டுப் போட்டு வாங்குவார். மழையில் நனைந்து நனைந்து அந்தப் போனுக்குத் தொண்டை கட்டிவிட்டதால், டிரம்பெட் வரும் இடங்களை அவரே உதட்டைக் குவித்து ஊதி நிரப்புவார். உதவி மேனேஜராகப் புதிதாக வந்த சின்னத்துரை ஒருவர், மலையில் ஏதோ மிருகம் அடிபட்டுக் கத்துகிறதென்று ஆள் திரட்டிக்கொண்டு தேடப் போன கதையும் உண்டு.

அவருடைய மனைவி செல்லம்மாவும் அந்த நிரைகளில்தான் கொழுந்து பறித்தார். ஒரு நாளைக்கு நிஜ பேண்ட் வாத்தியக் குழுவையும் நிஜ டிரம்பெட்டையும் நேரில் காட்டுகிறேன் என்று கல்யாணமான புதிதில் கங்காணி அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பிள்ளைகள் வளர்ந்து கொழும்புக்கு வேலைக்குப் போன பிறகும் அந்த வாக்கு அப்படியே கிடந்தது. மனிதருக்கு அதில் உள்ளூரப் பெரிய வெட்கம்.

போன வருடம் எங்கள் ஸ்டாஃப் கிளப்புக்கு ஆண்டு விழா வந்தது. கிளப் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு கேரம் போர்டு, ஒரு பிங்பாங் மேசை. இரண்டிலும் ஒரே நேரத்தில் ஆடினால் முழங்கை இடிக்கும். ஆனால் சட்டத்துக்குக் குறைவில்லை. உத்தியோகத்தர்கள் மட்டுமே உள்ளே வரலாம். தொழிலாளர்களும் கங்காணிமாரும் வாசலோடு சரி. செயலாளரான பெரிய கிளாக்கர் அந்தச் சட்டத்தைச் சொந்தப் பிள்ளை போல வளர்த்தார். இருந்தாலும், கங்காணியின் மருமகன் ஏதோ ஒரு பேண்டுக்குப் பஸ் ஓட்டுகிறவர் என்பதால், சின்னதாக ஒரு பேண்ட் பிடித்துத் தரும்படி கங்காணியிடமே கேட்டார். பேண்டுக்கு எதற்குப் பஸ் என்று எங்களில் யாரும் யோசிக்கவில்லை.

விழா ஞாயிற்றுக்கிழமை பகல். நுவரெலியா ஹோட்டலில் ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில், கிடாய்க்கறிச் சாப்பாடு போட்டால் வாசித்துவிட்டுப் போகிறோம் என்று ஒப்புக்கொண்டு வந்தவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். இறங்கிக்கொண்டே இருந்தார்கள். டிரம்பெட், டிரொம்போன், சாக்சபோன், வயலின்கள், ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர்கள், மின்னுகிற உடுப்போடு பாடகிகள். அவர்களுக்கு இடம் விட பிங்பாங் மேசை வெளியே போனது. பிறகு நாங்கள் உட்கார்ந்திருந்த கதிரைகள். பிறகு கேரம் போர்டு. கடைசியில் அங்கத்தவர்களான நாங்களும் ஒவ்வொருவராக வெளியே வந்தோம். கை நீட்ட இடமில்லாத டிரொம்போன்காரர் குழாயை ஜன்னல் வழியாக நீட்டினார். பெரிய கிளாக்கர் எட்டிப் பார்த்தார். அங்கத்தவர் அல்லாதவர்களால் கிளப் நிரம்பி வழிந்தது.

"என்ன கங்காணி இது? சின்னதா ஒண்ணுதானே கேட்டேன்?"

கங்காணி தலையைச் சொறிந்தார். "வந்தவங்களைத் திருப்பி அனுப்பினா தோட்டத்துக்குத்தானுங்கய்யா அவமானம். எதிர்த்தாப்புல நாலாம் நம்பர் மலை சும்மாதானே கெடக்கு. அங்கன நின்னு பாத்துக்குவோம்."

அதற்குள் சத்தம் கேட்டு, தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் காலியாகி, சனம் முழுவதும் வந்துவிட்டது. கண்டபடி ஏறினால் செடி முறியும். ஆளை நிரை பிரித்து நிறுத்தத் தெரிந்தவர் அங்கே ஒருவர்தான். நிரை பிடிக்கச் சொல்லி அவர் குரல் கொடுத்ததும் முதல் நிரை பெண்களுக்குப் போனது. நட்ட நடுவில் செல்லம்மா. தோட்ட மேனேஜரான பெரிய துரைக்கு இரண்டாவது நிரை, அவருடைய பங்களா சமையற்காரருக்குப் பக்கத்தில். பெரிய கிளாக்கர் எங்கே போவதென்று தெரியாமல் தவித்தார்.

"ஐயா, நீங்க மூணாவது நெரைங்க. செடியை மிதிச்சிறாதீங்க."

செடியை விலக்கி விலக்கிப் போய் நின்றார்.

டிரம்பெட்டுகள் ஒன்றாக எழும்பின. மலையே அதிர்ந்தது. டிஸ்கோ ஆடுவதற்குத் தேயிலை மலையைப் போல ஓர் இடம் கிடையாது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். இடுப்புக்குக் கீழே செடி மறைத்துவிடும். காலில் என்ன பிழை விட்டாலும் யாருக்கும் தெரியாது. அந்தத் தைரியத்தில் நிரை நிரையாக எல்லாரும் ஆடினோம். துரை ஆடினார். பெரிய கிளாக்கர் ரப்பர் ஸ்டாம்ப் குத்துவது போல இரண்டு கையாலும் காற்றைக் குத்திக் குத்தி ஆடினார். ரோட்டில் போன ஹட்டன் பஸ் நின்று, அதன் கண்டக்டர் இறங்கி வந்து தனக்கும் ஒரு நிரை கேட்டார்.

செல்லம்மா மட்டும் ஆடவில்லை. கண்ணைத் துடைத்துத் துடைத்து, ஜன்னலில் தெரிந்த குழல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார்.

"இத்தனை வருசமா வாயால ஊதுனீங்களே, அச்சு அசலா இதேதாங்க."

ஊரையே நிரை பிரித்து நிறுத்திய மனிதர், உதட்டைக் குவித்து பேண்டோடு சேர்ந்து தானும் ஊதினார்.

பஸ் போன பிறகு, கங்காணியும் நானுமாகக் கேரம் போர்டை உள்ளே தூக்கிக்கொண்டு போனோம். இவ்வளவு பெரிய பேண்டுக்கு இந்த இடம் போதாது என்று முதலே தெரியாதா என்று கேட்டேன்.

"தெரியுமுங்க மாஸ்டர். அதுக்குத்தானே பெரிசாப் பாத்துப் புடிச்சேன்."

இந்த வருட விழாவையும் மலையிலேயே வைப்பதென்று பெரிய கிளாக்கரே தீர்மானம் கொண்டுவந்திருக்கிறார். மூன்றாவது நிரை தனக்குத்தான் என்று இப்போதே சொல்லியும் வைத்துவிட்டார். எனக்கு எந்த நிரையானாலும் சரி. பிரித்துக் கொடுக்கிறவர் டிஸ்கோ கங்காணியாக இருந்தால் போதும்.