மேல் ஸர்தூன், கீழ் ஸர்தூன்

"இது என்ன கோலம்? மாவு மில்லுல உருண்டுட்டு வந்தீங்களா?" என்று கேட்டாள் லபீபா.

நக்லே வாசலிலேயே நின்றார். கறுப்புக் கால்சட்டையின் இரண்டு முழங்கால்களிலும், சட்டையின் தோள்களிலும் வெள்ளைச் சுண்ணாம்புத் தூசி. கால்சட்டை அன்று காலையில்தான் இஸ்திரி போட்டது.

"சொந்தக்காரங்களைப் பார்த்துட்டு வரேன்."

"எந்தச் சொந்தக்காரங்க? என் பக்கமா, உங்க பக்கமா?"

"அதான் விஷயமே" என்று சொல்லிவிட்டு அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் எல்லாரையும் நிக்க வச்சுச் சொல்றேன். உனக்கும் அப்பத்தான்."

கால்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டச் சொன்னாள். மாட்டினார். பருப்புச் சோறும் முட்டைக்கோஸும் சாப்பிட்டார். சாப்பிடும்போதும் ஒருமுறை தனக்குத்தானே சிரித்து, புரையேறி, தண்ணீர் குடித்தார். பிறகு கொஞ்ச நேரம் படுக்கிறேன் என்று போனார். மாலைக் காபிக்கு லபீபா எழுப்பப் போனபோது அவர் எழுந்திருக்கவில்லை.

அந்த மலையூரில் ஸர்தூன்கள் இரண்டு வகை. சர்ச்சுக்கு மேலே இருப்பவர்கள் மேல் ஸர்தூன், ஓடைப்பக்கம் இருப்பவர்கள் கீழ் ஸர்தூன். பெயர் ஒன்றுதான், உறவு மட்டும் கிடையாது. இரு தரப்பும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அது. ஸர்தூன் என்பது ஹவ்ரான் சமவெளியிலிருந்து குதிரைகளோடு வந்த ஒரு வீரனின் பெயர். கீழே இருப்பவர்கள் அவனுடைய நிலத்தை உழுதவர்கள், எஜமானின் பெயரை எடுத்து ஒட்டிக்கொண்டார்கள் என்பது மேல் தரப்பின் கதை. கீழ் தரப்பின் கதையும் அதேதான். குதிரைகளை மட்டும் தங்கள் கொட்டிலில் கட்டிக்கொண்டார்கள்.

நக்லே மேல். லபீபா கீழ். கல்யாணத்தால் பெயர் மாறாத ஒரே மணப்பெண் என்று ஊர் அவளைக் கேலி பேசியது. அவளுடைய அப்பா ஷாஹீன் சம்மதம் கொடுத்தார், ஆனால் விருந்தன்று சம்பந்தி வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. "பொண்ணைத் தரேன். செத்தாலும் அவங்களோட ஒரே கூரைக்குக் கீழ படுக்க மாட்டேன்" என்று சொல்லி, மழையில் முற்றத்தில் நின்றே ஆட்டுக்கறி தின்றார். அதன்பின் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் லபீபா பேரீச்சம்பழப் பலகாரத்தை இரண்டு தட்டில் சுட்டாள். இரண்டு தரப்பும் வெவ்வேறு நேரத்தில் வந்து சாப்பிட்டுவிட்டு, மற்றவர்களுக்கு வைத்திருக்கும் தட்டு பெரிதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நக்லே பூகோள வாத்தியார். ஓய்வு பெற்றதும், இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடப் புறப்பட்டார். ஹவ்ரானுக்குப் போய் ஜலதோஷத்தோடு திரும்பினார். மடங்களில் கிழட்டுத் துறவிகளுக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். ஒரு குப்பியில் எச்சிலைத் துப்பி, பிரேசிலில் இருக்கும் மைத்துனன் மூலம் ஆராய்ச்சிக்கு அனுப்பினார். கொஞ்சம் இத்தாலி ரத்தமும் இருக்கிறது என்று பதில் வந்தது. மேல் தரப்பில் அவருடைய சித்தப்பா மகன் மில்ஹிம், அது சிலுவைப்போருக்கு வந்த வீரனின் ரத்தம் என்று உடனே வாசலில் வாளும் கேடயமும் வாங்கி மாட்டினான். கீழ் தரப்பில் லபீபாவின் அண்ணன் ஃபஹீம், அந்த வழியாக ஊசி விற்க வந்த ஏதோ ஒரு இத்தாலிக்காரனின் வேலையாக இருக்கும் என்றான்.

"இதெல்லாம் எதுக்கு உங்களுக்கு?" என்று லபீபா சலித்துக்கொள்ளும்போதெல்லாம் அவர் ஒரே பதில்தான் சொல்வார். "நீ ஒரே தட்டுல பலகாரம் சுடணும். அவ்வளவுதான்."

அதனால் அவர் போன அன்று லபீபா வேண்டியதும் ஒன்றே ஒன்று. மறுநாள் பிற்பகல் அவருடைய சவப்பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு தரப்பும் நிற்க வேண்டும்.

அழ ஆரம்பிப்பதற்குள் மில்ஹிம் துக்க அறிவிப்பை எழுதிக்கொண்டு வந்துவிட்டான். இரவுக்குள் அச்சடித்துச் சுவரெல்லாம் ஒட்டினால்தான் ஊர் வரும். யார் யாருடைய குடும்பம் துயரத்துடன் அறிவிக்கிறது என்ற வரிசையில் எவன் பெயர் விட்டுப்போனாலும் அவன் வீட்டில் ஒருத்தரும் வரமாட்டார்கள். மில்ஹிம் மேல் ஸர்தூன்களைக் குடும்பம் என்று போட்டு, கீழ் ஸர்தூன்களை அடியில் சம்பந்திகள் என்று சேர்த்திருந்தான்.

ஃபஹீம் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினான். இத்தனை வருஷம் நாமெல்லாம் ஒரே வேர் என்று சொல்லிக்கொண்டு என் வீட்டில் சாப்பிட்ட மனுஷன், செத்ததும் எனக்கு வெறும் சம்பந்தியா என்று கேட்டான். அவர் உயிரோடு இருந்தவரை நீ அதை ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லையே அண்ணே என்றாள் லபீபா. அது வேறு, இது வேறு என்றான்.

சரி, அவர்களையும் குடும்பம் என்றே போடு என்று மில்ஹிமிடம் சொன்னாள். அப்படியென்றால் மேல் ஸர்தூனில் ஒரு தோளும் பெட்டிக்குக் கிடைக்காது அண்ணி என்று அவன் மரியாதையாகச் சொன்னான்.

லபீபாவுக்குத் தலை வலித்தது. "ஆளுக்கு ஒண்ணு அடிச்சுக்கங்க. என்னை விடுங்க."

ஆளுக்கு ஒன்று அடித்தார்கள். மேல் தரப்பு நக்லே ஸர்தூன் என்று அடித்தது. கீழ் தரப்புக்குச் சொந்த மகள் லபீபாதான். எனவே கறுப்புக் கட்டத்துக்குள் லபீபா ஸர்தூன் என்று பெரிய எழுத்தில் போட்டு, கணவரை இழந்து வாடுகிறாள் என்பதைப் பொடி எழுத்தில் கீழே தள்ளிவிட்டது. இரண்டையும் எல்லாச் சுவர்களிலும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினார்கள்.

காலையில் தெருவெல்லாம் ஒப்பாரி. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நாளில் போய்விட்டார்களாம், என்ன பாசம் என்று பெண்கள் கூட்டமாக வந்தார்கள். மருந்துக்கடைக்காரர் மனைவி லபீபாவுக்காக ஒரு மலர்வளையமே கொண்டுவந்தாள். கதவைத் திறந்தது லபீபா. கையில் சர்க்கரையில்லாத துக்கக் காபித் தட்டு.

மருந்துக்கடைக்காரி சிலுவை போட்டுக்கொண்டாள். "லபீபா... நீயா?"

"நான்தான். இன்னும் சாகலை. காபி எடுத்துக்க."

அதற்குப் பிறகு லபீபா தானே அச்சகத்துக்குப் போனாள். குடும்பப் பெயரே வேண்டாம், நக்லே, பூகோள ஆசிரியர் என்று மட்டும் அடி, பிற்பகல் அடக்கம் என்று போடு, போதும் என்றாள். பழைய சுவரொட்டிகள் மேலேயே புதியதை ஒட்டச் செய்தாள்.

அரைமணி நேரத்தில் மில்ஹிமும் ஃபஹீமும் படியேறி வந்தார்கள், சேர்ந்தே. சேர்ந்து வந்ததை இருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

"பேர் இல்லாம அடக்கம் பண்றதுக்கு அவர் என்ன அநாதையா?" என்றான் மில்ஹிம்.

"அதானே" என்றான் ஃபஹீம்.

நக்லே இத்தனை வருஷம் தேடி அலைந்த ஒற்றுமை வந்தேவிட்டது. இரண்டு தரப்பும் ஒரே குரலில், கல்லறைக்கு வரப்போவதில்லை என்று சொன்னது.

லபீபா காபித் தட்டைக் கீழே வைத்தாள். "ஒருத்தரும் வர வேண்டாம். பின்பக்க அத்திமரத்தடியில நானே குழி வெட்டி வச்சுக்கறேன். நீங்க ரெண்டு பேரும் பேரைக் கட்டிக்கிட்டு அழுங்க." சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போய் மண்வெட்டியோடு திரும்பி வந்தாள்.

செய்தாலும் செய்வாள் என்று இருவருக்கும் தெரியும். வருவதற்கு ஒத்துக்கொண்டார்கள், நிபந்தனையோடு. பெட்டி மேல் ஸர்தூன் கல்லறைக்குள்தான் போக வேண்டும் என்றான் மில்ஹிம். போகட்டும், ஆனால் கீழ் ஸர்தூன் கல்லறையும் திறந்திருக்க வேண்டும், எங்கள் மாப்பிள்ளைக்கு எங்களிடமும் இடம் உண்டு என்று ஊர் பார்க்கட்டும் என்றான் ஃபஹீம்.

சர்ச்சுக்குப் பின்னால் குன்றைக் குடைந்த குடும்பக் கல்லறைகளை மூடி ஒரு நீளமான கல்சுவர். அதன் ஒரு கோடியில் மேல் ஸர்தூன்களின் கதவு, மறுகோடியில் கீழ் ஸர்தூன்களின் கதவு. இரண்டும் குனிந்து நுழையும் உயரம்தான். கல்லறை திறந்திருக்கும்போது உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது, பார்த்தவனை அது அடுத்து அழைக்கும் என்று அந்த ஊரில் ஒரு பயம். பெட்டியை வாசலில் இறக்கிவிட்டு எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கல்லறைக்காரன் ஜிர்ஜியும் அவனுடைய மைத்துனனும் உள்ளே இழுத்துக்கொள்வார்கள்.

மேல் தரப்பு மேல் கதவருகில் நின்றது. கீழ் தரப்பு, பெட்டியே வராத தங்கள் கதவருகில் கைகட்டி நின்றது. பாதிரியார் யாரையும் பகைக்காமல் நட்டநடுவில் ஒரு சைப்ரஸ் மரத்தடியில் நின்று ஜெபித்ததால் இரண்டு பக்கமும் ஒன்றும் கேட்கவில்லை. லபீபா எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் பாதிரியாருக்குப் பக்கத்தில் நின்றாள். வந்துவிட்டார்கள், அதுவரைக்கும் நல்லது என்று நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை என்ன சொல்லப் போனீர்கள் என்று பெட்டியைப் பார்த்து மனதுக்குள் கேட்டாள். அவருக்குப் பதிலாக மேல் கதவின் கீல்தான் கிறீச்சிட்டது.

பெட்டி உள்ளே போயிற்று. முகங்கள் திரும்பின. இழுபடும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டு நின்றது. மைத்துனன் மேல் கதவு வழியாக வெளியே வந்தான். ஜிர்ஜியைக் காணவில்லை.

கீழ்க் கோடியில் யாரோ இருமினார்கள். எல்லோரும் திரும்பினார்கள். ஜிர்ஜி கீழ் ஸர்தூன்களின் கதவிலிருந்து குனிந்து வெளியே வந்துகொண்டிருந்தான். சிகரெட் வைத்திருந்த அவனுடைய கோட்டு அந்தக் கதவின் கொக்கியில் தொங்கியது. அதற்காகத்தான் அந்தப் பக்கம் வந்திருந்தான்.

மில்ஹிம் மேல் கதவைப் பார்த்தான், ஜிர்ஜியைப் பார்த்தான். ஃபஹீமின் கட்டிய கை தானாக அவிழ்ந்தது.

"நீ எப்படிடா இந்தப் பக்கம் வந்தே?" என்றான் ஃபஹீம்.

லபீபா ஜிர்ஜியின் முழங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டிலும், தோள்களிலும், வெள்ளைச் சுண்ணாம்புத் தூசி.

ஜிர்ஜி சிகரெட்டைப் பற்றவைத்தான். "ஏன், வாத்தியார் நேத்து காலையில இப்படித்தானே அந்தக் கதவுல நுழைஞ்சு இந்தக் கதவுல வந்தார். ஞாயித்துக்கிழமை அவரே சொல்றேன், அதுவரைக்கும் வாயைத் திறக்காதேன்னார்." லபீபாவின் பக்கம் திரும்பினான். "உள்ள நடுச்சுவரே கிடையாதும்மா. உங்க அப்பாவும் அவரோட அப்பாவும் பக்கத்துப் பக்கத்துலதான் படுத்திருக்காங்க. இத்தனை வருஷத்துல ஒரு சத்தம் வந்ததில்லை."

பிறகு அவன் இரண்டு கதவுகளையும் தனித்தனிப் பூட்டால் பூட்டினான். இன்றும் அப்படித்தான் பூட்டியிருக்கின்றன.