பிலோமின்ராஜ் கழற்றிய பூட்டு

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக் கேரியரை மூடிய கையோடு பிலோமின்ராஜ் ஆபீசில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குத் தம் வீட்டில் பிரெஞ்சு பிராந்தி உடைக்கப்படும். நான்கு பேருக்கு அழைப்பு.

காரைக்காலில் பிராந்திக்கா பஞ்சம்? எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் மதுவிலக்கு இருந்த காலம். எல்லையோரப் பூவத்தைத் தாண்டி பஸ் பஸ்ஸாக ஆள் வந்து குடித்துவிட்டுப் போகிற ஊர் இது. ஆனால் இந்தப் பாட்டில் கடைச் சரக்கு இல்லை. பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருக்கும் மச்சான் சிலுவைராஜ் லீவில் வந்தபோது கொண்டு வந்தது. ஆபீசே வாயைப் பிளந்தது, சிதம்பரநாதனைத் தவிர.

"பாட்டில் உங்க வீட்ல இருக்கு சார், சரி. உங்க கையில இருக்கா?"

"என் வீடுய்யா! என் கைக்கு வராம எங்க போவும்?"

வாய் மட்டும் என்றைக்கும் பிலோமின்ராஜுக்குக் குறைவில்லை. பாட்டில் இருந்தது சாமான் அறையில். மகள் டெய்சியின் நிச்சயதார்த்தத்துக்கு என்று அவர் மனைவி இருதயமேரி அதை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியிருந்தாள். அந்தக் கதவில் இருந்த பூட்டும் பிரான்சிலிருந்து வந்ததுதான். ஒரு கையால் பிராந்தியும் மறு கையால் பூட்டும் கொடுத்த புண்ணியவான் அந்த மச்சான். பூட்டு வந்த நாளிலிருந்து நம்மவர் அந்தக் கைப்பிடியைத் தொட்டதுகூட இல்லை. ஆபீசில் பியூனை மிரட்டுகிற குரல் அந்தக் கதவுப் பக்கம் போனால் இருமலாகிவிடும். இப்போது வாயை விட்டாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பாட்டில் வராவிட்டால் ரிட்டயர் ஆகிற வரைக்கும் ஆபீஸ் சிரிக்கும்.

மறுநாள் இரண்டாம் சனி, லீவு. காலையில் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனவர் கண்ணில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் ஏதோ தட்டையாகப் பட்டது. சாவி மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. பல் கிடையாது. இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் குழிகள், அம்மைத் தழும்பு போல. பீரோவில் நுழைத்துப் பார்த்தார். டிரங்குப் பெட்டியில் பார்த்தார். சைக்கிள் பூட்டில்கூடப் பார்த்தார். மூளை அவ்வளவுதான். எதிலும் சேராமல் போகவே, ஜேபியில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு ஓரம் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் சாவிக்காரர் அம்பலவாணனிடம் போனார்.

அம்பலவாணன் அதை வாங்கி வெயிலில் திருப்பினார். "இது குழிச் சாவி சார். பிரான்சு பூட்டோடது. குழிக்குக் குழி ஆழம் வேற வேற. நம்மகிட்ட இருக்கிற அரத்த வச்சு நகல் போட முடியாது."

பிலோமின்ராஜுக்கு உடம்பு சிலிர்த்தது. சாமான் அறை! "நகல் வேணாங்க. அந்தப் பூட்டையே கதவுலேருந்து எடுத்துட முடியுமா?"

"பூட்டு முழுசும் எதுக்கு சார்? சாவி நுழையுற உருண்டை இருக்கில்ல, சிலிண்டர், அத மட்டும் உருவிட்டாப் போதும். கதவு இடுக்குல, தகடு தெரியுமே, அதுல சிலிண்டருக்கு நேரா நீளமா ஒரே ஒரு ஸ்க்ரூ. கதவு சாத்தியிருந்தா அது கண்ணுக்கே தெரியாது. திறந்து வச்சுக்கிட்டுக் கழட்டுங்க."

"கழட்டினா வந்துருமா?"

"வராது. உள்ள ஒரு நாக்கு நீட்டிக்கிட்டு நிக்கும். சாவியப் போட்டு லேசாத் திருப்புங்க. நாக்கு உள்ள போயிடும். அப்புறம் இழுங்க, வந்துரும். புதுசு மாட்டுறதும் இதே மாதிரிதான் சார், அப்படியே தலைகீழா."

"மாட்டுற வேல நமக்கு எதுக்கு?"

"இருக்கட்டும் சார், தெரிஞ்சு வச்சுக்குங்க."

நேரம் கேட்டால்கூட வாயைத் திறக்காத மனுஷர் அம்பலவாணன். அவர் இத்தனை விலாவாரியாகச் சொன்னதைத் தம் உத்தியோகத்துக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டார் பிலோமின்ராஜ். திட்டம் அங்கேயே உருவாகிவிட்டது. சிலிண்டரை உருவி ஒளித்துவிடுவது. கடல் உப்புக்காற்றில் பூட்டு கெட்டுவிட்டது, ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்பது. ரிப்பேர் ஆறு மாசம் ஆகும். அதுவரை அந்த அறைக்குப் பூட்டும் இல்லை, இருதயமேரியின் அதிகாரமும் இல்லை. வரும் வழியிலேயே தம்மை நினைத்துத் தாமே இரண்டு முறை சிரித்துக்கொண்டார்.

வீட்டில் இருதயமேரி கூடையோடு நின்றாள்.

"நான் காரைக்கால்மேட்டுக்கு மீன் வாங்கப் போறேன். டெய்சியும் வர்றா. திரும்ப ரெண்டு மணி நேரம் ஆவும்."

"நிதானமா வா மேரி. நல்ல மீனாப் பாத்து வாங்கு."

இருபத்து மூன்று வருஷத்தில் அவள் போகிற இடத்தைச் சொல்லியிருக்கிறாளே தவிர, திரும்புகிற நேரத்தைச் சொன்னதே இல்லை. அதைக் கவனிக்க இவருக்கு எங்கே நேரம்? அவள் தெருமுனை திரும்புவதற்குள் ஸ்க்ரூ டிரைவரோடு கதவு முன்னால் நின்றார்.

சாவியை நுழைத்தார். கொஞ்சம் திரும்பியது, அதற்கு மேல் நகரவில்லை. கைப்பிடியை அழுத்தினார். கதவு திறந்துகொண்டது. அலமாரியில் பாட்டில். எடுத்து நெஞ்சோடு அணைத்தார். பிறகு அதை இருந்த இடத்திலேயே வைத்தார். இன்றைக்குப் பூட்டு, நாளைக்குப் பாட்டில். எதையும் முறைப்படி செய்கிறவராம்.

ஸ்க்ரூ துருப்பிடித்திருந்தது. முக்கினார், திட்டினார், தேங்காய் எண்ணெய் விட்டார். கடைசியில் அது சுழன்று வந்தது. சாவியை லேசாகத் திருப்பி இழுத்தார். சிலிண்டர் கையோடு வந்த வேகத்தில் வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்தார். எழுந்திருக்க நினைத்தபோது வாசலில் செருப்புச் சத்தம். இரண்டு மணி நேரம் முக்கால் மணியில் முடிந்துவிட்டது.

"என்னங்க, வெங்காயத்து மேல உக்காந்திருக்கீங்க?"

"மேரி... இந்தப் பூட்டு... உப்புக்காத்து இல்லியா, தானா கழண்டு விழுந்துருச்சு."

"ஸ்க்ரூ டிரைவரும் தானா விழுந்துச்சா?"

அவருக்கு இருமல் வந்தது.

அவள் கோபப்படவில்லை. கூடையை டெய்சியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய் ஒரு சின்ன அட்டைப்பெட்டியோடு வந்தாள். அதில் பளபளவென்று புது சிலிண்டர், மூன்று குழிச் சாவிகள்.

"போன மாசமே தம்பி அனுப்பிட்டான். பழச எடுக்கத்தான் ஆள் கிடைக்கல. ஆசாரி கதவையே அறுக்கணும்னார். அம்பலவாணன் வீட்டுக்கு வர மாட்டேன்னுட்டார். 'நீங்க வர வேணாம், சாவியோட ஒருத்தர் வருவார், பொறுமையா சொல்லிக் குடுங்க'ன்னேன். சொல்லிக் குடுத்தாரா?"

"குடுத்தார்..."

"அப்ப மாட்டுங்க. நான் சொல்லியிருந்தா அடுத்த வருசம்தான் செஞ்சிருப்பீங்க."

மாட்டினார். வேறென்ன செய்வார்? வேர்க்க வேர்க்க ஸ்க்ரூவை இறுக்கினார். இருதயமேரி சாவியைப் போட்டு இரண்டு சுற்றுச் சுற்றினாள். டக், டக் என்று விழுந்தது. மூன்று சாவியும் இடுப்புக்குப் போயின.

"பழைய பூட்டுக்கு என்ன கேடு, மேரி? நல்லாத்தான இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சா! ரெண்டு மாசமாப் பூட்டவே இல்லங்க. சாவி பாதியிலேயே நின்னுரும். கைப்பிடிய அழுத்தினாத் திறந்துரும். டெய்சி தினம் அப்படித்தான போயி ஊறுகா எடுத்துக்கிட்டு வருவா."

பிலோமின்ராஜ் கணக்குப் போட்டுப் பார்த்தார். இரண்டு மாசம். அறுபது நாள் திறந்து கிடந்த கதவு. அதைத் தாமே பாடுபட்டு இன்று பூட்டிக் கொடுத்திருக்கிறார்.

இருதயமேரி மீனை ஆயப் போனவள், நின்று திரும்பினாள்.

"நாளைக்கு உங்க ஆபீசுலேருந்து நாலு பேரு வர்றாங்களாமே, சிதம்பரநாதன் சம்சாரம் சொன்னாங்க. மோர்ல பெருங்காயம் போடவா, வேணாமா?"