அபசகுனம் சாரின் மைக்ராஸ்கோப்

நல்ல சேதியைக் கெட்ட சேதி மாதிரி சொல்வதில் அபசகுனம் சாரை மிஞ்ச காஞ்சிபுரத்தில் ஒரு ஆள் பிறக்கவில்லை. அப்படிப் பிறந்திருந்தாலும் அது அவர் லேபில் டெஸ்ட் எடுத்த தாய்க்குத்தான் பிறந்திருக்கும், பாவம்.

பெரிய காஞ்சிபுரத்தில், காமாட்சியம்மன் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில், ஒரு பட்டுப் புடவைக் கடையின் மாடியில் இருந்தது அந்த லேப். தொண்ணூறுகளின் கடைசியில் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். பேர் எழுதுவது, பாட்டிலில் லேபிள் ஒட்டுவது, அவர் வாயால் ரிசல்ட் கேட்டு அழுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது, இந்த மூன்றும் என் வேலை. மூன்றாவதுதான் நாள் முழுக்க இருக்கும்.

வெளியே போர்டில் அவருடைய சொந்தப் பேர் கொட்டை எழுத்தில் இருந்தது. ஊர் அதைப் படித்ததே இல்லை, அபசகுனம் சார் என்றே கூப்பிட்டது. விலங்கியல் படித்தவர், லேபுக்கு முதலாளியும் அவரே, டெக்னீஷியனும் அவரே. ஒட்டிய கன்னம், கலங்கிய கண். இப்போதுதான் சுடுகாட்டிலிருந்து தலை முழுகிவிட்டு வந்தவர் மாதிரி எப்போதும் ஒரு முகம்.

ஒரு நாள் புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வந்தது. சார் உள்ளேயிருந்து வந்து கண்ணாடியைக் கழற்றினார். பெருமூச்சு விட்டார்.

“உக்காருங்க. மனச தேத்திக்கோங்க. புள்ள உண்டாயிருக்குது.”

புருஷன் அழுது முடித்த பிறகுதான் அவனுக்கு விஷயமே புரிந்தது. “இதுக்கு ஏன் சார் மனச தேத்திக்கணும்?” என்றான்.

“பொறந்தப்புறம் புரியும்பா.”

இன்னொரு நாள், ரிடையர் ஆன வாத்தியார் ஒருவருக்குச் சர்க்கரை டெஸ்ட். “சர்க்கரை இல்ல வாத்தியாரே” என்றார் சார். வாத்தியார் சிரித்துக்கொண்டே எழுந்தார். “இன்னிக்கு இல்ல” என்று சேர்த்தார் சார். வாத்தியார் மறுபடி உட்கார்ந்துவிட்டார். அவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பியது நான்தான்.

ஏன் இந்த மனுஷன் இப்படி என்று கீழே டீக்கடைக்காரர் ஒரு காலையில் கேட்டே விட்டார். “நல்லா தானே சார் சம்பாரிக்கிறீங்க? ரெண்டு பசங்களும் நல்லா படிக்குதுங்க. ஏன் எப்பவும் எழவு வூட்டு மூஞ்சி?”

“நாள் பூரா மைக்ராஸ்கோப்ல பாக்கிறவனுக்குத்தான்பா தெரியும்” என்று ஆரம்பித்தார் சார். “ஒரு கொழந்த உண்டாவறதுக்கு கோடிக்கணக்குல விந்தணுங்க கெளம்புதுங்க. உள்ள போன ஒடனே புளிச்ச தண்ணி. அதுலயே முக்காவாசி காலி. மிச்சம் நீந்திக்கினு போவுது. மேல ரெண்டு கொழா. முட்டை ஒண்ணுலதான் இருக்குது. பாதி ஜனம் முட்டை இல்லாத பக்கமா போயி சாவுது.”

“போர்டு கீர்டு வெக்கலாம் இல்ல?”

“வெச்சா மட்டும் படிக்குமா? மொதல்ல போனவன் ஜெயிப்பான்னு நெனச்சிக்கினு இருக்கிற, அதுவும் இல்ல. முட்டைய சுத்தி கெட்டியா தோல் இருக்குது. மொதல்ல வந்ததுங்க அத கரைச்சி கரைச்சியே உசுர வுடும். பின்னால சாவகாசமா வந்தவன் ஒருத்தன் அந்த சந்துல பூந்துடுவான். அவன் ஒட்டிக்கினானோ இல்லியோ, முட்டை தோல இறுக்கிக்கும். அப்புறம் ஒருத்தனுக்கும் எடம் கெடையாது. வெளிய நிக்கிறதெல்லாம் முட்டி முட்டியே சாவும்.” டீயில் மிதந்த ஆடையை ஓரமாக எடுத்துப் போட்டார். “அவ்ளோ பெரிய சாவு மேலதான் நாம பொறந்திருக்கிறோம். இதுல பொறந்த நாளுக்கு கேக்கு வெட்டறானுங்க.”

“சார், யாவார நேரம். கிளாஸ எடுத்துக்கினு அந்தாண்ட போயி குடிங்க” என்றார் டீக்கடைக்காரர்.

சிரிக்க வைத்த கதை என் வீட்டுக்குள் வந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குக் கல்யாணமாகி நாலு வருஷம், வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. வீட்டுக்காரர் பட்டு நெய்பவர், பிள்ளையார்பாளையத்தில் வீட்டிலேயே தறி. காமாட்சி கோயிலில் சந்தான ஸ்தம்பம் என்று ஒரு தூண் உண்டு. பிள்ளை வரம் கேட்பவர்கள் அதைச் சுற்றுவார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் என் மாமியார் என்னைச் சுற்ற வைத்தார். டெஸ்ட் எல்லாமும் எனக்குத்தான். “உன்கிட்ட ஒரு கொறையும் இல்லமா” என்று சார் சொன்ன விதத்தில், எனக்குச் சாவுக்கே நாள் குறித்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

நாள் குறித்தது மாமியார். ஆரணியில் ஒரு பெண் பார்த்திருந்தார், தன் மகனுக்கு இரண்டாம் தாரமாக. ஆடி கழிந்ததும் தட்டு மாற்றுவது, நான் வாலாஜாபாத்தில் அம்மா வீட்டோடு போய் இருப்பது என்று பேச்சு. அத்தை பொல்லாதவர் இல்லை, பேரன் பைத்தியம், அவ்வளவுதான். வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. அந்த வாயில்லாத மனுஷனை எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்பதுதான் என் தலைவலியே.

லேபில் உட்கார்ந்து அழுதேன். சார் பார்த்துவிட்டார்.

“உன் வூட்டுக்காரர் டெஸ்ட் எடுத்தாரா?”

“ஆம்பளைங்க எங்க சார் எடுக்கிறாங்க?”

“அடிச்சிக்கினது ரெண்டு பேரு, ஸ்டேஷன்ல உக்காந்திருக்கிறது ஒருத்தர். இது இன்னாமா நியாயம்?”

அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் தெருவில் நுழைந்ததைப் பார்த்து, “யாரு போயிட்டாங்க?” என்று பக்கத்து வீட்டில் விசாரித்தார்கள். தறி ஓரமாக என் வீட்டுக்காரரை உட்கார வைத்து என்ன சொன்னாரோ, அவர் சரி என்று தலையாட்டினார். சாம்பிளை வீட்டிலேயே பாட்டிலில் எடுக்கலாம். ஆனால் உடம்புச் சூட்டோடு, ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்கு வந்து சேர வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை நான் லேபில் காத்திருந்தேன். ஒரு மணி நேரம் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. கடைசியில் படியேறி வந்தது என் மாமியார். கையில் பூஜைக் கூடை, அதில் உடைத்த தேங்காய், பழம், பூ. நடுவில் குங்குமப் பொட்டு வைத்த பாட்டில்.

கடைசி நிமிஷத்தில் என் வீட்டுக்காரருக்கு வெட்கம் வந்துவிட்டது. யாராவது பார்த்துவிட்டால்? “மருந்து பாட்டில், உன் மருமவகிட்ட குடுத்துடு” என்று அம்மாவிடம் தள்ளிவிட்டிருக்கிறார்.

“இன்னாமா இவ்ளோ நேரம்?” என்றார் சார்.

“புள்ள தங்கறதுக்கு மருந்து போலன்னு நெனச்சேன் சார். நேரா எட்துக்கினு வந்தா பலிக்குமா? அம்பாளாண்ட காட்டிட்டு, ஸ்தம்பத்த சுத்திட்டு வரேன். வெள்ளிக்கெழம கூட்டம், சொல்லி மாளல.”

சார் பாட்டிலை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றினார்.

“ஒண்ணு கூட உசுரோட இல்லமா.”

“எது சார்?”

பாட்டிலில் என்ன இருந்தது என்று சார் பூசி மெழுகாமல் சொன்னார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். “சந்நிதிக்கா எட்துக்கினு போனேன், பாவி.”

“அம்பாளுக்கு தெரியாத சங்கதியாமா இது? கோயிலுக்கு போனது தப்பில்ல. நேரமாயிடுச்சி, ஆறிப் போச்சி. இதுங்க தாங்கல. இன்னொருவாட்டி எடுத்து வந்தாதான் எதுவும் சொல்ல முடியும்.”

“எத்தினி சார் இருந்திருக்கும்?”

“லட்சக்கணக்குலமா.”

அத்தை சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தார். “என் பேரப் புள்ளைங்கள நானே சுத்தி சுத்தி கொன்னுட்டனே.”

வேறு யாராக இருந்தாலும் ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லியிருப்பார்கள். சார் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தானும் மூக்கை உறிஞ்சினார். ரத்தம் கொடுக்க வந்திருந்த மூன்று பேர் செருப்பை மாட்டிக்கொண்டு நைசாக இறங்கிப் போய்விட்டார்கள். நான் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொடுத்தேன்.

அடுத்த தடவை என் வீட்டுக்காரர் தானே வந்தார். பாட்டிலைச் சட்டைக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, கூப்பிட்ட சிநேகிதனைக்கூடத் திரும்பிப் பாராமல் ஓட்டமும் நடையுமாக வந்தார். அத்தையும் பின்னாலேயே வந்தார், கூடை இல்லாமல்.

சார் எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்தார். “கொஞ்சமாதான் இருக்குது. இருக்கிறதும் தத்தித் தத்தி நவுருது. முட்டை ஒரு நாளைக்கு மேல காத்துக்கினு இருக்காது. அதுக்குள்ள இதுங்க போயி சேர்றது கஷ்டம்மா. இந்தப் பொண்ண அனுப்பிட்டு ஆரணிலருந்து ஒருத்திய கொண்டாந்தாலும் இதே கததான். அவளயும் தூணைத்தான் சுத்த வுடுவீங்க.”

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. நாலு வருஷமாக முட்டிக்கொண்டிருந்த மூச்சும் அப்போதுதான் வெளியே வந்தது. அத்தை முந்தானையை உதறி இடுப்பில் செருகினார். பிறகு, “ஆரணிக்கு இன்னிக்கே சொல்லி அனுப்பிடறேன்” என்றார். படியிறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். கால் வலிக்காக இருக்கும் என்று நினைத்தேன். தெருமுனை வரைக்கும் விடவில்லை.

அதற்கப்புறம் மாத்திரை, லேகியம், சென்னையில் பெரிய டாக்டர், எல்லாம் பார்த்தோம். நாள் தள்ளிப்போகும் போதெல்லாம் லேபிலேயே டெஸ்ட். சார் என் டெஸ்ட் அட்டையை மட்டும் ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்ப்பார். திருப்பிப் பார்ப்பார். இன்னொரு அட்டையைப் பிரிப்பார். அப்புறம் என்னிடம் வராமல், “மணி ஆச்சி பாரு, போயி சாப்பிட்டு வா” என்பார். நான் சாப்பிட்டு வருவதற்குள் குப்பைத் தொட்டியைக் காலி செய்து வைத்திருப்பார். எனக்குப் புரிந்துவிடும்.

அப்படியே சில வருஷம் ஓடியது. ஒரு நாள் நானே சொன்னேன், “இனிமே வேணாம் சார். எனக்கு தைரியம் இல்ல.”

அவர் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். “எனக்கு எப்பவோ போயிடுச்சிமா” என்றார்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. சாரும் இப்போது இல்லை. ஊரே அபசகுனம் என்று ஒதுங்கிப்போன அந்த மனுஷன், அந்த அட்டையைப் பார்த்து எனக்கு ஒரு தடவைகூட ‘இல்லை’ என்று வாய்விட்டுச் சொன்னதே கிடையாது.