வாப்பாவின் இரண்டு மருமகள்கள்

என் பெயர் ரிஸ்வான். இந்தப் பெயரை இருபத்து நான்கு வயது வரை நானே பிழையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நடுவில் வரும் எழுத்து ஆங்கிலத்தின் கடைசி எழுத்து. அதைச் சொல்லும்போது தொண்டைக்குள் வண்டு இரைய வேண்டும். எனக்குப் பாம்புதான் சீறும். எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேருக்கும் பாம்புதான் என்பதால் அது ஒரு குறையாக யாருக்கும் தெரியவில்லை. ஆனால், சொந்தப் பெயரையே ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவன் தகப்பனின் வருத்தத்தை வெள்ளைக்கார டொக்டரிடம் சொல்லப் போகக் கூடாது. நான் போனேன்.

வாப்பா தபால்காரர். கல்முனைப் பக்கம் முப்பது வருடம் சைக்கிள் மிதித்துக் கடிதம் கொடுத்தவர். ஊரில் அவர் ஏறாத படி இல்லை. பல வருடமாக நொந்துகொண்டிருந்த முழங்கால் இரண்டும் ஓய்வு பெற்ற கையோடு அவரைக் கைவிட்டன. தொழுகையில் சுஜூதுக்குப் போனால் எழும்ப ஆள் வேண்டும். கடைசியில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து தொழத் தொடங்கினார். நெற்றி நிலத்தில் படாமல் தொழுவது அவருக்குப் பெரிய மனவருத்தம். வாய்விட்டுச் சொன்னதில்லை. தொழுது முடிந்ததும் பாயைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருப்பார்.

அப்போதுதான் வெளிநாட்டிலிருந்து ஒரு வைத்தியர் குழு வருகிறது என்றும், தெரிவு செய்கிறவர்களுக்கு இலவசமாகச் செயற்கை முழங்கால் வைத்துக் கொடுக்கப் போகிறார்கள் என்றும் செய்தி வந்தது. அவர்கள் வருவது எங்கள் ஊரிலிருந்து ஒரு மணித்தியாலப் பயணத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்கு. அங்கே மொழிபெயர்க்க இரண்டு பேர் இருக்கிறார்கள் என்றார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆறு மாத ஆங்கில டிப்ளோமா முடித்த மகன் வீட்டில் இருக்கும்போது வாப்பாவுக்கு எதற்கு வேறு ஆள்? (அந்தச் சான்றிதழுக்குச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியிருந்தேன். இப்போது அது அலுமாரிக்குப் பின்னால் இருக்கிறது.)

வாப்பாவை ஒரு பக்கம் நான் பிடிக்க, மறுபக்கம் பிடிப்பதற்கு மாமியின் மகள் சில்மியா வந்தாள். வாப்பாவின் தங்கச்சி மகள். பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தாள். ஓட்டோவில் போகும்போது நான் மனதுக்குள் ஆங்கில வசனங்களை அடுக்கிக்கொண்டு போனேன். முதலில் நான் பேசுவேன், பிறகு எக்ஸ்ரே படத்தை எடுக்கலாம் என்று வாப்பாவிடம் சொல்லி வைத்திருந்தேன். நான் கண்காட்டும்வரை உறையைத் திறக்க வேண்டாம் என்றும் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

எங்கள் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். உள்ளே இருந்தவர் ஒரு டொக்டர் அம்மா. தலை முழுக்க நரை, முகம் முழுக்கக் கருணை. வாப்பாவைக் கதிரையில் இருத்தினோம். அவர் எக்ஸ்ரே உறையை மடியில் வைத்துக்கொண்டார். சில்மியா கதிரைக்குப் பின்னால் நின்றாள். மொழிபெயர்க்க வந்த பையனை, நீங்கள் போகலாம் என்று நான்தான் கையைக் காட்டி அனுப்பினேன்.

இந்த இடத்தில் ஒரு சின்ன இலக்கணம். முழங்கால்களுக்கு ஆங்கிலத்தில் ‘நீஸ்’. சகோதரி மகளுக்கும், அதாவது மருமகளுக்கும், ‘நீஸ்’. எழுத்தில் சம்பந்தமே இல்லை. வாயில் கடைசி ஓசை ஒன்றுதான் இரண்டையும் பிரிக்கிறது. முழங்கால் என்றால் வண்டு, மருமகள் என்றால் பாம்பு. என் வாயில் வண்டே கிடையாது என்பதை ஏற்கனவே சொல்லிவிட்டேன்.

நான் நெஞ்சை நிமிர்த்தி ஆரம்பித்தேன். இவர் என் தகப்பன், இவருடைய மருமகள் பெரிய பிரச்சினை என்றேன். டொக்டர் அம்மா சில்மியாவை நிமிர்ந்து பார்த்தார். எவ்வளவு காலமாக என்று கேட்டார். பதினைந்து வருடம் என்றேன். பாவம், அவ்வளவு சின்ன வயதிலிருந்தா என்றார். அந்த வசனத்தில் எனக்கு ‘பாவம்’ மட்டும்தான் பிடிபட்டது. ஓம், ஓம் என்றேன். மருமகள் மிகவும் பலவீனம், படி ஏறினால் மடங்கி விழுகிறது, மழை காலத்தில் வீங்குகிறது, மருமகளால் வாப்பாவுக்குத் தொழ முடியவில்லை என்றெல்லாம் அடுக்கினேன். டொக்டர் அம்மாவின் முகம் கறுத்துக்கொண்டே போனது. என் ஆங்கிலம் அவரை உருக்குகிறது என்று நினைத்தேன்.

எத்தனை மருமகள் என்று கேட்டார். கேள்வி எனக்கு விசித்திரமாகப் பட்டது. எல்லோருக்கும் போல இரண்டுதான் என்றேன். மற்றது எங்கே என்றார். இரண்டும் இங்கேதான் இருக்கின்றன என்றேன். அவர் அறையை ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். பிறகு என் கடைசி அம்பை எய்தேன்: இரண்டு மருமகளும் முடிந்துவிட்டன, தயவுசெய்து இவருக்குப் புதிது கொடுங்கள்.

டொக்டர் அம்மா எழுந்து வந்து சில்மியாவின் தோளை மெதுவாகப் பிடித்து, திரைச்சீலைக்குப் பின்னால் கூட்டிப் போனார்.

வாப்பா என்னைப் பார்த்தார். “மகன், அவள எதுக்குக் கூட்டிப் போற?”

எனக்கும் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல டிப்ளோமா விடவில்லை. “அது அவங்கட முறை வாப்பா. பேசாம இரிங்க” என்றேன்.

ஐந்து நிமிடத்தில் சில்மியா முகம் வெளிறி வந்தாள். என் காதுக்குள் சொன்னாள்: “மச்சான், அவ என்ட காலத்தான் பாத்தா. என்னத்தான் நோயாளியெண்டு நெனச்சிட்டா போல.”

நான் அப்போது கேட்டிருக்கலாம். வாப்பாவின் மடியில் எக்ஸ்ரே இருந்தது. டொக்டர் அம்மா நாற்காலியில் இருந்தார். எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. நான் சில்மியாவைப் பார்த்து, “நீ சும்மா நில்லு. நான் கதைக்கிறன்தானே” என்றேன். இந்த ஒரு வசனத்தைத் திருப்பி எடுக்க முடியுமென்றால் மற்ற எல்லா வெட்கத்தையும் நான் வைத்துக்கொள்ளத் தயார்.

டொக்டர் அம்மா அட்டையில் எழுதி, வாப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, பயப்பட வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். நான் வெற்றியோடு வெளியே வந்து, சத்திரசிகிச்சை எப்போது என்று தாதியிடம் கேட்டேன். அவர் அட்டையை வாசித்துவிட்டு எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “யாருக்கு? இதில இளம் பெண், முழங்கால் ரெண்டும் நல்லாயிரிக்கி, குடும்பத்தார்தான் தேவையில்லாமப் பயப்படுறாங்க எண்டெல்லோ எழுதியிரிக்கி.”

நான் திரும்பி ஓடினேன். அறை பூட்டியிருந்தது. எங்களுடையதுதான் கடைசி இலக்கம். குழு வேனில் ஏறிக்கொண்டிருந்தது. டொக்டர் அம்மா ஜன்னலோரம் இருந்தார். நான் கண்ணாடியைத் தட்டி, நீஸ், நீஸ், வாப்பாவுடைய நீஸ் என்று கத்தினேன். பதற்றத்தில் ஒவ்வொரு தடவையும் பாம்பு முன்னையதைவிடப் பலமாகச் சீறியது. அவர் கண்ணாடியை இறக்கி, நெஞ்சில் கைவைத்து, அவள் சுகமாக இருக்கிறாள், நம்புங்கள் என்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. வேன் போய்விட்டது. அடுத்த நாள் தொலைபேசியில் கேட்டபோது பட்டியல் முடிந்துவிட்டது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள்.

ஓட்டோவில் வரும்போது வாப்பா ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. உறை திறக்காத எக்ஸ்ரேயை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு சொன்னார்: “நல்ல முழங்கால் எப்பிடி இரிக்கிமெண்டு மொதல்ல அவளுக்கிட்டப் பாத்திட்டு, மறுகா என்டயப் பாப்பாவெண்டு நெனச்சன் மகன்.” சில்மியா சிரித்தாள். பிறகு முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அன்றிலிருந்து அந்த ஓசையைப் படிக்கத் தொடங்கினேன். கைபேசியில் ஒரு வீடியோவைப் பார்த்து, தொண்டையில் இரண்டு விரலை வைத்து, அதிர்கிறதா என்று தேடினேன். பல வாரம் எதுவும் அதிரவில்லை. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பின் பயிற்சி செய்தால், வீட்டுக்குள் குளவி கூடு கட்டிவிட்டது என்று உம்மா விளக்குமாற்றோடு வருவார். (பிறகு, பொழுது பட்டால் நுளம்பு இரைகிறது, அதற்கு முன் இவன் என்று அலுத்துக்கொண்டார்.) பள்ளிவாசல் இமாம் ஒரு நாள் கேட்டுவிட்டு, இந்த எழுத்துக்கா இவ்வளவு பாடு, புனித ஸம்ஸம் தண்ணீரின் பெயரிலேயே இரண்டு தடவை இருக்கிறதே, ஏழு வயதிலிருந்து என்ன ஓதினாய் என்றார். பதினேழு வருடமாக ஓதினதையும் பிழையாகத்தான் ஓதியிருக்கிறேன் என்பது அன்றுதான் விளங்கியது. கவலை ஒன்று கூடியது.

வாப்பா கதிரையில் இருந்தபடி என் பயிற்சியைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாள் அவர் பாட்டுக்குத் தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பார்த்தார். வண்டு இரைந்தது. சுத்தமான, நீளமான வண்டு. மேல்பல் இரண்டு இல்லாத வாயிலிருந்து. “இதா மகன்? இதுவா அது?” என்று கேட்டார். ஓம் வாப்பா, இதுதான் என்றேன். அடுத்த வருடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீ வர வேண்டாம் என்றார். எனக்கு ரோஷம் வரவில்லை. மூன்று மாதம் கழித்துத்தான் எனக்கு அந்த ஓசை வந்தது.

அடுத்த வருடம் குழு வரவில்லை. அதற்கடுத்த வருடமும் இல்லை. வருவார்களா என்று கேட்டு வாப்பா என்னை அனுப்புவார். நான் போய் விசாரித்துவிட்டு, இன்ஷா அல்லாஹ் வருவார்களாம் என்று வந்து சொல்வேன். மூன்றாம் வருடம் ஒரு காலையில், கதிரையில் இருந்தே ஸுபஹ் தொழுதுவிட்டு, சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டவர் திறக்கவில்லை. இருதயம் என்றார்கள்.

ஜனாஸாவைக் குளிப்பாட்டும்போது நானும் மாமாவும் நின்றோம். மாமா என்றால் சில்மியாவின் தகப்பன். வாப்பாவின் கால்கள் நீளவில்லை. முழங்கால் இரண்டும் மடிந்தபடியே விறைத்திருந்தன. நாங்கள் மெதுவாக அழுத்தினோம். அவை கேட்கவில்லை. மாமா அழுதுகொண்டே சொன்னார்: “மருமகள் ரெண்டுக்கும் இன்னும் புடிவாதம் போகல்ல.”

அந்த அறையில் நாங்கள் சிரித்தோம். மையித்தின் முன்னால், கையில் தண்ணீர்ச் சட்டியோடு. அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

இப்போது எங்கள் குடும்பத்தில் முழங்காலை யாரும் முழங்கால் என்று சொல்வதில்லை. மழை இருட்டினால் உம்மா, மருமகள் ரெண்டும் குத்துது என்று தைலத்தைத் தேடுகிறார். பெருநாளைக்கு எல்லோரும் கூடினால் சில்மியா இந்தக் கதையை எடுப்பாள். டொக்டர் அம்மா மாதிரி அறையைச் சுற்றிப் பார்த்து, மற்றது எங்கே என்று கேட்பாள். அவளுடைய பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பிறகு எல்லோரும் தொண்டையில் இரண்டு விரலை வைத்து ஒரே நேரத்தில் சொல்வார்கள். பள்ளிக்கூடமே போகாத உம்மா உட்பட எங்கள் வீட்டில் இன்று அந்த ஓசை எல்லோருக்கும் சுத்தமாக வரும்.

அதைக் கேட்டுவிட்டுப் போக டொக்டர் அம்மாதான் இன்னும் வரவில்லை.