ஒற்றை வரி நாயகி

குளிர்காலம் வந்தால் ஹெஸ்டர் அம்மாளுக்குக் கைவிரலெல்லாம் வெடித்துவிடும். இங்கிலாந்தின் கடற்கரை ஊரான ஸ்கார்பரோவில், நாடகக் கொட்டகையில் நடிகைகளின் உடுப்பைத் துவைத்து, தைத்து, மாட்டிவிடுகிறவளுக்கு அது லேசான துன்பமா? ஒரு ஜனவரியில் அவளுடைய ஊசிப் பெட்டிக்குள் களிம்பு டப்பா ஒன்று இருந்தது. வைத்தது யார் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் மூடியில் ரோஜா நிறக் கன்னப்பூச்சு ஒட்டியிருந்தது. அந்த நிறம் பூசுகிறவள் அங்கே ஒருத்திதான், ரொவீனா லாங்டன்.

இந்த நல்லதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். ஏனென்றால் ரொவீனா, 'நாளைக்குப் பெரிய நடிகையாகப் போகிறவள்' என்னும் இனம். நீங்களும் பார்த்திருப்பீர்கள். இந்த இனம் மேடைக்குத் தேநீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு வரும், வைக்கும், போய்விடும். போனபிறகு, தட்டை இடது கையில் பிடித்ததால்தான் இரண்டாம் அங்கமே எடுபட்டது என்று லெஸ்டரில் கசாப்புக்கடை வைத்திருக்கும் அப்பாவுக்கு நாலு பக்கம் எழுதும். புது நாடகம் கைக்கு வந்தால் கதையைப் படிக்காமல் தன் வசனங்களைப் பென்சிலால் எண்ணும். மூன்று தேறினால், "சின்ன வேஷந்தான் ஹெஸ்டர், ஆனா கதையே அதுலதான் நிக்குது" என்னும்.

"நிக்கட்டும் கண்ணு. நீயும் கொஞ்சம் ஆடாம நின்னா கவுன் கொக்கிய மாட்டிருவேன்."

அந்த மார்ச்சில் கிடைத்தது ஒரே வசனம். ஆனால் நாடகத்தின் கடைசி வசனம். மகன் இனி வரமாட்டான் என்று வீடே உணர்ந்தபின், வேலைக்காரி "கதவைச் சாத்துங்க, குளிர் உள்ளே வருது" என்பாள். திரை விழும். முதல் நாள் ஆட்டத்துக்கு லண்டன் சினிமாக் கம்பெனிக்காரர் வருகிறார் என்று பேச்சு. அவர் கண்ணில் படாவிட்டால் ஈஸ்டருக்குப்பின் அப்பா கடையில் கறி நிறுக்க வேண்டியதுதான். அப்பா வைத்த கெடு அது.

நாடகக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடைசி வசனத்தை ஒத்திகையில் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் நாடகம் படுத்துவிடும். ஞாயிறு ஜெபம் தவறாத ஹெஸ்டருக்கு இதில் நம்பிக்கையில்லை.

"உன் ஒரு வரியக் கேட்டுட்டா ஆண்டவர் கொட்டகைய இடிக்கப் போறாரு? வீட்டுலயாவது சொல்லிப் பாரு கண்ணு."

ரொவீனா காதைப் பொத்திக்கொண்டாள். ஒத்திகை நடந்த ஆறு நாளும் அந்த இடத்தில் உதட்டை மூடி உருக்கமாகத் தலையசைத்தாள்.

ஆட்டத்தன்று அந்த இடம் வந்தது. உருக்கமாகத் தலையசைத்தாள். அவ்வளவுதான். உடம்பு பழகியது அதைத்தானே? வசனம் எடுத்துக்கொடுப்பவர், ஒரு வரிதானே மிச்சம் என்று பைப் பற்றவைக்கப் போயிருந்தார். திரைக்காரன் கயிற்றைப் பிடித்தபடி கடைசிச் சொல்லுக்குக் காத்திருந்தான். ஓரத்தில் ஹெஸ்டர் கண்ணை மூடி ஜெபித்தாள். சொல் கிடைக்காத ரொவீனா மெல்ல நடந்துபோய்த் தானே கதவைச் சாத்தி, வெட்கம் தாங்காமல் அதிலேயே முகத்தை மறைத்துக்கொண்டாள். கொட்டகையில் மூச்சுச் சத்தமில்லை. திரைக்காரன் பயந்துபோய்க் கயிற்றை விட்டான். கைதட்டல் அடங்க நெடுநேரமாயிற்று.

படங்களெல்லாம் பேசத் தொடங்கிவிட்ட காலத்தில், பேசாமலிருக்கத் தெரிந்த ஒருத்தியை இன்றுதான் பார்த்தேன் என்று சொல்லி வேலை கொடுத்தார் சினிமாக்காரர்.

பூச்சைத் துடைத்து முடிப்பதற்குள் அது ரொவீனாவின் சொந்த யோசனையாகிவிட்டது. "அங்க வசனமே வேணாம்னு பட்டுச்சு ஹெஸ்டர்," என்றாள்.

"பட்டிருக்கும் கண்ணு," என்று ஹெஸ்டர் கொக்கியைக் கழற்றினாள்.

சிரிக்கிறீர்களா? நாக்கு ஒட்டிக்கொண்டு நின்ற ஒரு நாளை, 'வேண்டுமென்றேதான் பேசாமலிருந்தேன்' என்று நீங்கள் வீட்டில் வந்து சொன்னதே இல்லையா? எதற்கும் ஒருமுறை கண்ணாடியைப் பாருங்கள். கன்னத்தில் ரோஜா நிறம் தெரிந்தாலும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை லண்டன் ரயிலில் ரொவீனா ஏறி உட்கார்ந்தாள். அவர்களுடைய கடைசிச் சந்திப்பு அதுதான். பெட்டிக் கதவைச் சாத்த மனமில்லாமல், கையுறை இல்லாத கையால் பிடித்துக்கொண்டு நின்றாள் ஹெஸ்டர். கடற்காற்று வீசியது. வேடிக்கை பார்க்க அங்கே யாருமில்லை. ரொவீனா அந்த விரல்களைப் பார்த்தாள்.

"கதவைச் சாத்துங்க ஹெஸ்டர், குளிர் உள்ளே வருது. வீட்டுக்குப் போங்க. இந்தக் காத்து உங்க கைக்கு ஆகாது."