எட்டாவது ஸ்பீக்கரில் சனி

ரூபா முழங்கையால் இடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். மரியாதையாக ஏறினால் மறுநாள்தான் மேலே போய்ச் சேரலாம். திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அந்த லாட்ஜின் படிக்கட்டு மூன்றடி அகலம். காலை எட்டரை மணிக்கே அதில் அறுபது பேர் நின்றார்கள். ஆளுக்கொரு தேங்காய். சிலர் கையில் ஸ்பீக்கர்.

"ஏம்மா, நாங்கல்லாம் மனுசங்க இல்லியா? வரிசையில வா."

குரல் கொடுத்தவர் ஜெபதாஸ். சித்தூரில் ரூபா வீட்டுக்கு நாலாவது வீடு. மிஷன் சர்ச்சில் காணிக்கைத் தட்டு எடுப்பவர்.

"அண்ணா, சாயந்திரம் ஏழு மணிக்கு எனக்கு மெட்ராஸ் பஸ்சு. விடிஞ்சா மஸ்கட் பிளைட்டு. பாஸ்போர்ட்டு உள்ள மாட்டிக்கினு கீது."

"எங்க மருமவ கேசியாவோடதும் உள்ளதான் கீது. ரெண்டு வாரமா."

"நீங்க சர்ச்சு ஆளாச்சே. இங்க எதுக்கு?"

"சர்ச்சுக்கு ஞாயித்துக்கெழம போறேன்," என்றார் ஜெபதாஸ். "இன்னிக்கு செவ்வாக்கெழம."

ரூபா மேலே ஏறினாள்.

இந்தக் கூட்டம் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அது 2006ஆம் வருடம். சித்தூர்ப் பக்கத்தில் தெருவுக்கு நாலு வீட்டில் ஒருவர் மஸ்கட்டிலோ குவைத்திலோ இருந்தார். லீவில் வரும்போது அவர் ஹோம் தியேட்டர் கொண்டுவருவார். சின்ன ஸ்பீக்கர் ஐந்து, மூலையில் வைக்க ஒரு கறுப்புப் பெட்டி. அந்தப் பெட்டிக்கு சப்வூஃபர் என்று பெயர். படத்தில் லாரி வந்தால் வீட்டில் ஜன்னல் ஆடும். வீட்டில் ஏற்கெனவே ஒரு ஸ்டீரியோ இருக்கும். ஒரு ஆம்ப்ளிஃபயர், இடுப்பு உயரத்துக்கு மரப்பெட்டி ஸ்பீக்கர் இரண்டு. படத்துக்குப் புதுசு, பாட்டுக்குப் பழசு. ஆனால் இருப்பதோ ஒரே ஹால். ஆகவே வந்தவர் இரண்டையும் ஒயரால் சேர்த்து, டி.வி.யோடும் கோத்து, பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு சண்டைக் காட்சியும் போட்டுக் காட்டிவிட்டு, லீவு முடிந்து விமானம் ஏறிவிடுவார்.

சேர்த்த நாளிலிருந்து ஹாலில் ஒரு உறுமல் கேட்கும். ம்ம்ம்ம் என்று. பாட்டு இல்லாதபோதும் கேட்கும். சண்டைச் சத்தத்தில் மறைந்திருந்தது, ஆள் கிளம்பிப் போனதும் நன்றாகக் கேட்கும்.

இந்த உறுமலுக்குப் பொருள் கண்டவர் ஸ்வரசித்தர் சிட்டிபாபு. அவருடைய கணக்கு சுலபமானது. ஸ்டீரியோவில் இரண்டு, ஹோம் தியேட்டரில் ஐந்து, கறுப்புப் பெட்டி ஒன்று, ஆக எட்டு. எட்டு என்றால் அஷ்டமம். அஷ்டமத்தில் கறுப்பாக, மூலையில் உட்கார்ந்துகொண்டு உறுமுவது யார்? பள்ளிக்கூடம் போகாதவர்கள் கொஞ்சம் யோசித்தார்கள். என்ஜினியரிங் படித்தவர்கள் உடனே சொன்னார்கள்.

சனி உறுமுகிற வீட்டிலிருந்து கடல் தாண்டினால் ஆள் திரும்பாது என்பது சித்தர் வாக்கு. புதுப் பாஸ்போர்ட்டைச் சாமி காலடியில் வைத்து எடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். சாமி உடனே திருப்பிக் கொடுத்துவிடும். சிட்டிபாபு வழக்கத்தில் அந்த ஒரு இடத்தை மட்டும் திருத்தினார். பாஸ்போர்ட்டை மஞ்சள் துணியில் கட்டி அவர் பீரோவில் வைக்க வேண்டும். அவர் வீட்டுக்கு வந்து பரிகாரம் செய்து, உறுமல் அடங்கி, அவர் மனமும் குளிர்ந்தால் பாஸ்போர்ட் வரும்.

ரூபா வேலூர் ஆஸ்பத்திரி ஒன்றில் தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ். மஸ்கட்டில் வேலை கிடைத்து, வேலூரில் கணக்கு முடித்துக்கொண்டு போன வாரம்தான் சித்தூர் வந்தாள். வந்து வீட்டுப் பெட்டியைத் திறந்தால் பாஸ்போர்ட் இல்லை. அப்பா முனிகிருஷ்ணன் கிரானைட் பாலிஷ் கம்பெனியில் மேஸ்திரி. வாழ்க்கையில் ஒரு தாயத்துகூடக் கட்டாத மனிதர்.

"யாரைக் கேட்டுக் குடுத்த நைனா?"

"எதுத்த ஊட்டு பாப்பாத்தி சொன்னா. சாமி வந்து பாத்தாரு. கேட்டாரு. குடுத்தேன்," என்றார் முனிகிருஷ்ணன், தட்டைப் பார்த்துக்கொண்டே.

அவள் அம்மா இறந்து நாலு வருடம். அண்ணன் தமிழரசு பொங்கலுக்கு வந்து ஹாலில் ஒயர் கோத்துவிட்டு மஸ்கட் திரும்பிவிட்டான். அப்பாவுக்கு வயதாகிறது, பயம் வருகிறது என்று ரூபா நினைத்துக்கொண்டாள்.

லாட்ஜில் சித்தரின் அறை குளிர்சாதன வசதி கொண்டது. பட்டு வேட்டி, சுழல் நாற்காலி, கழுத்தில் ஸ்டெதஸ்கோப். யாரோ கொண்டுவந்த ஸ்பீக்கரின் நெஞ்சில் அதை வைத்துக் கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். காதில் தலைகீழாக மாட்டியிருந்தார். அப்படி மாட்டினால் சரியாகக் கேட்காது. அவருக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

"சாமி, சித்தூர் முனிகிருஷ்ணன் பொண்ணு. பாஸ்போர்ட் குடுங்க."

"சத்தம் நின்னுதாம்மா?"

"இல்ல."

"அப்ப ஆயன வுடமாட்டாரு." ஆயன என்று அவர் மரியாதையாகச் சொன்னது சனீஸ்வரனை. "நான் குடுத்தா பாவம் எனக்கு. நீ போயிட்டு திரும்பலன்னா உங்க நைனா என்னைத்தான கேப்பாரு?"

"அப்ப இன்னிக்கே வந்து நிறுத்துங்க. ஏழு மணிக்குள்ள நிக்கலன்னா நான் போலீஸ் ஸ்டேஷன்ல போயி ஒக்காந்துக்கறேன். அங்க ஸ்பீக்கர் எட்டு இல்ல, பயப்படாம பேசலாம்."

சிட்டிபாபு அவளை ஒரு நிமிடம் பார்த்தார். படித்த பெண். கேட்கிறவர்கள் இன்னும் அறுபது பேர் கதவுக்கு வெளியே.

"சூடம்மா, இங்க பாரு, கோவம் வேணாம். எப்பிடியும் இன்னிக்கு சித்தூர்ல மூணு வீடு. மொதல்ல உங்க ஊடு. நாலு மணிக்கு வரேன். வெள்ளைப் பூசணி ஒண்ணு, எலுமிச்சை எட்டு."

ரூபா வீடு திரும்பும்போது மணி ஒன்று. அப்பாவைப் பூசணிக்கு அனுப்பினாள். ஹாலில் தனியாக நின்றாள். ம்ம்ம்ம் என்றது சனி.

அவளுக்கு இந்தச் சத்தம் புதிது. ஆனால் இந்தத் தொல்லை புதிதில்லை. ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுக்கும்போது சில சமயம் கோடு சுத்தமாக வராது, மரம் அறுக்கும் வாளின் பல் மாதிரி நடுங்கும். அப்போது யாரும் நோயாளியின் ஜாதகத்தைக் கேட்பதில்லை. கட்டிலைச் சுற்றி இருக்கும் மின்சாதனங்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். எதைக் கழற்றினால் கோடு சுத்தமாகிறதோ அது குற்றவாளி.

டி.வி.க்குப் பின்னால் குப்புறப் படுத்தாள். ஒயர் பதினொன்று. ஒன்றைப் பிடுங்கினாள், கேட்டாள், மறுபடி சொருகினாள். அடுத்தது. இன்னொன்று. தூசியில் இரண்டு தும்மல். ஒன்பதாவது ஒயரில் எழுந்து உட்கார்ந்தாள். அதையும் இருந்தபடியே சொருகிவிட்டு, கை கழுவிக்கொண்டு, ஒரு தட்டு சோறு தின்றாள். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா பூசணியோடு வந்தபோது அவரிடமும் சொல்லவில்லை.

நாலு மணிக்கு வேன் வந்தது. பின்னாலேயே தெரு வந்தது. முன்வரிசையில் எதிர்வீட்டுப் பாப்பாத்தி, ஜன்னலில் ஜெபதாஸ். சித்தர் சோபாவில் அமர்ந்து, காபி குடித்து, தோல்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கறுப்புப் பெட்டியை நோக்கிக் கும்பிட்டார்.

"அடேங்கப்பா, என்னா உக்கிரம்," என்றார். தெரு முழுவதும் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

பிறகு பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து டி.வி.யை நோக்கி நடந்தார்.

"சாமி, ஒரு சந்தேகம்," என்றாள் ரூபா. "சனி கறுப்புப் பொட்டியிலதான கீறாரு? டி.வி. பக்கம் எதுக்குப் போறீங்க?"

"டி.வி. அவருக்குக் கண்ணும்மா. கண்ணைக் கட்டணும்."

"எங்க நைனா கட்டட்டும். நீங்க பொட்டிகிட்ட ஒக்காந்து மந்திரம் சொல்லுங்க. மந்திரம் அங்கேர்ந்து கேக்காதா?"

"மத்த ஊட்ல எல்லாம் நான்தான் கட்டினேன்."

"அவரு எட்டு ஸ்பீக்கர் வெச்சிருக்காரு சாமி," என்றார் ஜன்னலிலிருந்து ஜெபதாஸ். "நீங்க எங்கேர்ந்து சொன்னாலும் கேக்கும்."

கூட்டத்துக்கு இது நியாயமாகப் பட்டது. பக்திமான்கள் கணக்குக் கேட்கமாட்டார்கள். கணக்கை நம்பிவிட்டால் அதை விடவும் மாட்டார்கள். முனிகிருஷ்ணன் துணியை வாங்கி டி.வி.யைப் பின்புறம் வரை போர்த்திக் கட்டினார்.

சிட்டிபாபு பெட்டிமுன் உட்கார்ந்தார். மந்திரம் சொன்னார். ம்ம்ம்ம். எலுமிச்சை எட்டையும் அறுத்தார். ம்ம்ம்ம். பூசணியை வாசலில் உடைத்துவிட்டு வியர்வையோடு திரும்பி வந்தார். இவ்வளவு பேர் வந்திருக்கிறார்களே என்ற மரியாதைகூட இல்லாமல் சனி அதே சுருதியில் உறுமிக்கொண்டிருந்தது.

"இது லேசுப்பட்ட சனி இல்ல," என்றார் சித்தர். "நாப்பத்தெட்டு நாள் ஆவும். அது வரைக்கும் பாஸ்போர்ட்டு என்கிட்டயே..."

"ஒரு நிமிசம் சாமி. நைனா, டி.வி.க்குப் பின்னால கையை வுட்டு ஒரு ஒயரைப் புடுங்கு."

எந்த ஒயர் என்று சொல்ல அவள் வாயைத் திறப்பதற்குள் முனிகிருஷ்ணன் துணிக்கு அடியில் கையை விட்டு, பிடுங்கிவிட்டார்.

உறுமல் நின்றது.

ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ ஒருவர் பழக்கதோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"திரும்ப வெய் நைனா." ம்ம்ம்ம். "எடு." அமைதி. "வெய்." ம்ம்ம்ம். "எடு."

ரூபா துணியை அவிழ்த்து அந்த ஒயரைத் தூக்கிக் காட்டினாள். தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்குள் வரும் கேபிள் டி.வி. ஒயர்.

"சனி எட்டாம் எடத்துலேர்ந்து வரல. கம்பத்துலேர்ந்து வராரு. மாசாமாசம் அவருக்கு ரசீதும் குடுக்கறாங்க."

ஜெபதாஸ் ஜன்னலை விட்டு வாசல் வழியாக உள்ளே வந்து தோல்பையைத் திறந்தார். யாரும் தடுக்கவில்லை. மஞ்சள் பொட்டலங்கள் மூன்று: ரூபாவுடையது, கேசியாவுடையது, பாப்பாத்தி மகனுடையது. அடியில் ஒரு கட்டிங் பிளேயர். ஒரு டஜன் தாமிரத் தாயத்து. தாயத்தின் இரண்டு பக்கமும் கேபிள் ஒயர் சொருகத் துளை இருந்தது.

"என்னா சாமி இது?"

சிட்டிபாபு சோபாவில் உட்கார்ந்தார். முதல் தடவையாகச் சாதாரணக் குரலில் பேசினார். "ஐசோலேட்டரு. ரெண்டு சின்ன கெபாசிட்டர் உள்ள கீது. கேபிள் வழியா வர்ற எர்த்து ஒருபக்கம், ஸ்டீரியோ பிளக்குல வர்ற எர்த்து ஒருபக்கம். ரெண்டும் சேந்தா சத்தம் போடும். இதை நடுவுல மாட்டினா நின்னுடும். நான் ரேணிகுண்டாவுல எட்டு வருசம் கேபிள் லைன்மேனு."

"அப்ப இதையே கடை வெச்சு வித்திருக்கலாமே?" என்றாள் ரூபா.

"வெச்சேம்மா. போர்டுல எல்லாம் வெளக்கமா எழுதி வெச்சேன். ஒருத்தரும் வரல."

 

பாப்பாத்திதான் முதலில் தெளிந்தாள். "அந்தாளு கெடக்கறான் திருட்டுப்பய. ரூபா, நீ வந்து எங்க ஊட்டு ஒயரைத் தொட்டுட்டுப் போம்மா. உன் கை ராசியான கை."

"உங்க கையாலயே புடுங்குங்கக்கா. அதுவும் நிக்கும்."

"இருந்தாலும் நீ தொட்ட மாதிரி வருமா?" என்றாள் பாப்பாத்தி. கூட்டத்தில் நாலைந்து பேர் தலையாட்டினார்கள்.

ஆறே முக்காலுக்கு சித்தூர் பஸ் ஸ்டாண்டில் மெட்ராஸ் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. முனிகிருஷ்ணன் பெட்டியை ஏற்றிவிட்டு ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். ரூபாவுக்கு ஆட்டோவில் வரும்போதே ஒன்று நெருடியிருந்தது.

"நைனா. பின்னால பதினோரு ஒயர் கீது. நான் எதுன்னு சொல்லவே இல்ல. நீ எட்டிக்கூடப் பாக்கல. எப்பிடி சரியா அதைப் புடுங்கின?"

முனிகிருஷ்ணன் பஸ்ஸின் டயரைப் பார்த்தார்.

"வேற எதையாவது புடுங்கியிருந்தா நான் இன்னிக்கு போயிருக்க முடியாது."

"வேற எதையாவது புடுங்கலாம்னுதான் கையை வுட்டேன்," என்றார். "நாப்பத்தெட்டு நாள் அந்தாளு நம்ம சோபாவுல ஒக்காந்து, உன் பாஸ்போர்ட்டை மடியில வெச்சிக்கினு, நான் போட்ட காபியைக் குடிப்பான்னு தோணுச்சு. கை தானா அந்த ஒயருக்குப் போயிடுச்சு."

"அப்ப உனக்கு எப்போத்துலேர்ந்து தெரியும்?"

கண்டக்டர் விசில் அடித்தார். முனிகிருஷ்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நாலு அடி நடந்தார்.

"அண்ணன் போன மறுநாளு. பெருக்கறப்ப அந்த ஒயரு கழண்டு வுழுந்துச்சு, சத்தம் நின்னுச்சு. போவாதன்னு நான் சொன்னா நீ ஆயிரம் யோசிப்ப, கேள்வி கேப்ப. சனி சொன்னா இந்த ஊர்ல ஒருத்தரும் யோசிக்கறதில்ல. அதான் ரூபா, கழண்ட ஒயரை நானே திரும்ப சொருவிட்டு, அதுக்கப்புறம் போயி பாப்பாத்திகிட்ட சொன்னேன், ஊட்ல என்னமோ உறுமுதுன்னு."